தைமூரின் எக்காளம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. மருதமுனைப் பள்ளிவாசலில் ஜும்ஆ. குர்பான் இறைச்சியை எப்படிப் பங்கிட வேண்டும் என்று மௌலவி விளக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் யாருடைய சட்டைப் பையிலோ எக்காளம் முழங்கியது.

முதலில் எக்காளம். பிறகு இடி. பிறகு கனத்த சங்கிலியைத் தார் றோட்டில் இழுத்துப்போவது போன்ற சத்தம்.

அஸ்கி பதறிப்போய்ப் பையைப் பொத்தினான். சத்தம் அடங்கவில்லை. பள்ளிக்குள் ஃபோன் அடித்தால் நாலு பேராவது முறைப்பார்கள். இன்று ஒருவரும் முறைக்கவில்லை. தலைகள் திரும்பின. அஸ்கியின் பக்கம் அல்ல. அவனுக்குப் பக்கத்தில் இருந்த மச்சான் ஜவுபரின் பக்கம். தாடிகளுக்குள் புன்னகைகள் அரும்பின. மௌலவிகூட ஒரு கணம் பேச்சை நிறுத்தி, கண்ணால் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

ஜவுபரின் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. தலை குனிந்து, நாடி நெஞ்சில் ஒட்டியிருந்தது.

தொழுகை முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "கண்டயா மனுசன? எவ்வளவு பெரிய ஆள். அவர்ர மியூசிக் அடிச்சொடன வெக்கத்துல தலையக் குனிஞ்சிட்டார்."

ஜவுபருக்குக் கேட்டது.

வெட்கம்தான். ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் அல்ல.

அந்த எக்காளம் அவனுடையது அல்ல. அவனை அடித்தவனுடையது.

*

ஜவுபர் ஷார்ஜாவில் குளிர்பானப் பெட்டி தூக்கியவன். நல்ல உடம்பு. அதைக் கண்டு ஒரு மனேஜர், வியாழக்கிழமைகளில் தன் றெஸ்லிங் காட்சிக்கு வரச் சொன்னான். வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்து வழியும் மண்டபம். நாலு கயிறு, நடுவில் மேடை. மனேஜர் அவனுக்கு வைக்க நினைத்த பெயர் 'சிலோன் புலி'.

"சேர், அந்தப் பேர வைச்சா நான் ஊருக்குத் திரும்பிப் போக ஏலா" என்று ஜவுபர் கெஞ்சியதில் பெயர் 'சிலோன் ஆனை' ஆயிற்று.

ஆனையின் வேலை விழுவது.

றெஸ்லிங்கில் ஒரு வழக்கம் உண்டு. வெல்லப்போகிறவனுக்கு வாசல் இசை இருக்கும். விளக்கு அணையும், இசை கிளம்பும், சனம் எழுந்து நிற்கும், அவன் நடந்து வருவான். தோற்கப்போகிறவனுக்கு இசை கிடையாது. அவனை முன்னாடியே கொண்டுபோய் மேடையில் நிறுத்திவிடுவார்கள், கதிரை மேசையை வைக்கிற மாதிரி. அவன் எப்போது வந்தான் என்று யாரும் கவனிப்பதில்லை.

ஜவுபர் முன்னாடியே நிறுத்தப்பட்டவன். எக்காளமும் இடியும் சங்கிலியும் தைமூர் என்ற உஸ்பெக்குக்கு உரியவை. வியாழன் தோறும் அந்தச் சத்தம் கிளம்பும். ஜவுபர் மூலைக் கம்பத்தில் முதுகை ஒட்டி, நாடியை நெஞ்சில் புதைத்துக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் மேலே தூக்கப்பட்டுக் கீழே போடப்படுவான். ஏழு வருடம் இதே கதை.

இதில் ஊருக்கு எப்படி இந்த எண்ணம் வந்தது?

கூட வேலை செய்த மலையாளி ஒருவன் ஒருநாள் ஃபோனில் படம் பிடித்தான். விளக்கு வெளிச்சத்தில் மேடை நடுவே ஜவுபர். எக்காளம். சனம் எழுந்து நின்று கத்துகிறது. தைமூர் வாசலில் தலை காட்டுமுன் ஃபோனில் இடம் நிறைந்து படம் நின்றுவிட்டது. பகிடிக்காக ஜவுபர் அதை வீட்டுக்கு அனுப்பிவைத்தான்.

ஊரில் பாடசாலை விழாவானாலும் விளையாட்டுக் கழகத்துக் கூட்டமானாலும் மேடை நடுவே பொன்னாடையோடு நிற்கிறவருக்குத்தான் பேண்ட் அடிப்பார்கள். நடுவில் நிற்கிறவனுக்கே வாத்தியம். வேறு எப்படி யோசிப்பார்கள்?

"இஞ்சேருங்க, அவ்வளவு சனமும் உங்களுக்காகவா எழும்பி நிண்ட?" என்று மனைவி றபீக்கா ஃபோனில் அழுதாள்.

அவள் இருந்தது அவளுடைய வாப்பா கட்டிக்கொடுத்த சீதன வீடு. அந்த வளவில் இருந்த மற்ற மருமகன்மாரில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் அரச கச்சேரியில் உத்தியோகம். ஜவுபர் பெட்டி தூக்குகிறவன். அன்று அவள் அழுதது சந்தோசத்தில்.

இல்லகா, அது என்ட இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஓம்" என்றான்.

அந்த ஓம் ஊர் முழுக்கப் பரவியது. றபீக்காவின் ஃபோனில் எக்காளம் அழைப்பொலியானது. அஸ்கியின் ஃபோனில், அவன் கூட்டாளிகளின் ஃபோனில். பாண் விற்க வரும் ஓட்டோக்காரன் தன் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டு எக்காளத்தைப் போட்டான். விடியற்காலை பாண் பணிஸ் வாங்க அந்தச் சத்தத்துக்குப் பொம்புளைகள் கேற்றடிக்கு வந்தார்கள்.

ஊருக்கு வந்த நாளிலிருந்து ஜவுபர் விடியற்காலைகளில் கட்டிலில் நாடியைப் புதைத்தபடி விழித்துக்கொண்டிருந்தான்.

*

"பெருநாளுக்கு அடுத்த நாள். பின்னேரம் அஸருக்குப் புறகு. கடற்கரையில உங்கட றெஸ்லிங்" என்றான் அஸ்கி. "முழுக் கல்முனையும் வரும் மச்சான். கழகத்துல எல்லாம் பேசி முடிஞ்சி."

"என்னட்டக் கேக்காமலா?"

"உங்களட்டக் கேட்டா ஏலா எண்டுதான் சொல்லுவீங்க. அதனாலதான் கேக்கல்ல."

"முழங்கால் நோகுதுடா."

"நொண்டினாலும் ஆன ஆனதான் மச்சான்."

சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கும் பஹ்மியும் வந்திருந்தான். ஜவுபரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவன். அவனுக்கு ஒரு கவலை. "பள்ளிவாசல் நிர்வாகத்துல போய்க் கேட்ட காக்கா. சினிமாப் பாட்டுப் போடப்படாதாம். பொம்புளக் குரல் கேக்கவே படாதாம். ஆனா உங்கட எக்காளத்தப் போடலாமாம். அதுல ஆரும் பாடல்லதானே."

"எதிராளி ஆரு?"

"பாண்டிருப்பு ஜனுசன். ஜிம் வைச்சிருக்கிற பொடியன். உடம்பு கல்லு மாதிரி. றெஸ்லிங் எண்டா அவனுக்கு விசர்."

"அவனுக்கு என்ன மியூசிக்?"

"அவன் கேட்டதுல பாட்டு இரிக்கி காக்கா. நிர்வாகம் ஏலா எண்டுட்டு. அதனால அவன முதலே ஏத்தி உள்ளுக்கு நிப்பாட்டிப்போட்டு, மறுகா உங்களச் சத்தத்தோட கொண்டு வாறம்."

அந்த இடத்தில் நிற்பது என்னவென்று ஜவுபருக்குத் தெரியும்.

கறுத்த தேத்தண்ணிக் கோப்பைகளோடு மகள் றுக்ஸானா வந்தாள். பதினோராம் ஆண்டு படிக்கிறாள். வாப்பாவை அவள் அதிகம் பார்த்து வளரவில்லை. கேட்டுத்தான் வளர்ந்தாள்.

"வாப்பா, என்ட வகுப்பு முழுக்க வருது. முஸ்பிறாவ வரச்சொல்லியே கூப்பிட்ட. அவ சொல்றா, உன்ட வாப்பா அங்க சும்மா பெட்டி தூக்கினவராம், எல்லாம் புளுகாம். நான் சொன்ன, வந்து கண்ணால பாருகா எண்டு. வெல்லுவீங்கதானே?"

மூன்று பேரும் ஜவுபரைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றான் அவன். இரண்டாவது தடவை.

*

பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் ஜனுசனின் ஜிம் ஒரு பழைய நெல் ஸ்டோர். ஸ்பொன்ஞ் மெத்தைகளைப் பரப்பி, அவற்றின்மேல் படங்குச் சீலையை இழுத்துக் கட்டியிருந்தான். அவன் மனைவி தர்சிகா வாசலில் இருந்து சின்னப் பிள்ளைகளின் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"றெஸ்லிங் நாடகம் எண்டு எல்லாருக்கும் தெரியும் தம்பி" என்றான் ஜவுபர். "ஆனா விழுகிறது நாடகமில்ல. பாரு."

பின்னாலே சாய்ந்தான்.

முதுகு முழுவதும் ஒரே கணத்தில் மெத்தையில் பட்டது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் அறைந்தன. ஸ்டோர் அதிர்ந்தது. தலை மட்டும் மெத்தையைத் தொடவே இல்லை.

தர்சிகா ஊசியை விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். ஜனுசன் வாய் பிளந்து நின்றான்.

"காக்கா, இப்பிடி விழுகிற ஆள நான் கண்டதே இல்ல."

ஜவுபர் அவசரமாக எழுந்தான். விழுந்து காட்டியிருக்கக் கூடாது. வெல்கிறவனுக்கு இவ்வளவு நன்றாக விழத் தெரியாது.

பேச்சை மாற்ற, தூக்கிப்போடும் முறையைக் காட்டினான். ஜனுசனைக் குறுக்காகத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மெத்தையில் இறக்கினான். பார்க்கிறவனுக்கு எலும்பு நொறுங்குகிற அடி. பட்டவனுக்கு ஒன்றுமில்லை.

"தூக்கிறது பெரிய வேலையில்ல. இறக்கிறதுதான் வேல. கடைசி வரைக்கும் என்ட கை உன்ட பிடரிக்குக் கீழ இரிக்கும். நீ கண்ண மூடிட்டு வரலாம். விழுந்தொடன உன்ட கையப் பிடிப்பன். ரெண்டுதரம் அமத்தினா நல்லமா இரிக்காய் எண்டு அர்த்தம். அமத்தாட்டி நான் அந்த இடத்திலயே நிப்பாட்டிடுவன்."

"சரி காக்கா."

பலமுறை பழகினார்கள். ஒவ்வொரு முறையும் ஜனுசனின் விரல்கள் இரண்டுதரம் அமர்த்தின.

தர்சிகா உள்ளே போன சமயம் பார்த்து ஜனுசன் குரலைத் தாழ்த்தினான்.

"காக்கா, அந்தக் கொம்பனிர பேஜ்ல உங்கட வீடியோ எல்லாம் முழுசாக் கிடக்கு. நான் பாத்தன்."

ஜவுபர் துவாயால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மியூசிக் வரக்குள்ள நீங்க முதலே உள்ளுக்கு நிக்கிறீங்க. நம்மட ஆக்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கும்தானே."

"ஆருக்கும் சொன்னயா?"

"ஐயோ, நான் ஏன் சொல்லப்போறன்?" ஜனுசன் சங்கடமாகச் சிரித்தான். "பெருநாள் முடியட்டும் காக்கா. உங்களோட ஒரு விஷயம் கதைக்க இரிக்கு."

என்ன விஷயம்?

பாண்டிருப்பிலிருந்து மருதமுனை கூப்பிடு தூரம். அந்தத் தூரம் முழுவதும் ஜவுபரின் சைக்கிள் ஒரே கேள்வியைச் சுற்றியது. பெருநாள் முடிய என்ன கதைக்கப் போகிறான்? வாய்மூடி இருப்பதற்கு என்ன கேட்கப் போகிறான்? கொடுக்காவிட்டால் முதலில் யாரிடம் சொல்வான்? அஸ்கியிடமா? றுக்ஸானாவிடமா?

*

பெருநாளன்று ஜனுசன் தர்சிகாவோடு வீட்டுக்கே வந்தான். வட்டிலப்பம் சாப்பிட்டான். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினான். ஜவுபர் எதிரே இருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன், நாளைக்கு வாப்பாட மியூசிக் வரக்குள்ள உங்களுக்குப் பயமா இராதா?" என்று றுக்ஸானா கேட்டாள்.

ஜனுசன் கரண்டியை வைத்தான். ஜவுபரை ஒரு பார்வை பார்த்தான்.

"அந்த மியூசிக்கக் கேட்டுக்கொண்டு உள்ளுக்கு நிக்கிறவனுக்குத்தான் புள்ள தெரியும், அது என்ன பாடு எண்டு."

றுக்ஸானா சிரித்தாள். தர்சிகா சிரித்தாள். றபீக்கா இன்னொரு துண்டு வட்டிலப்பம் கொண்டுவரப் போனாள்.

ஜவுபர் சிரிக்கவில்லை. என் வீட்டில், என் மகளிடம், என் முன்னாலேயே கோடு காட்டிவிட்டுப் போகிறான்.

அப்படித்தான் அவன் நினைத்தான்.

*

மறுநாள் அஸர் முடிந்ததும் கடற்கரை நிறைந்தது. தோணிகளைத் தள்ளி இடம் ஒதுக்கியிருந்தார்கள். பலகை மேடை, அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் நீலப் படங்கு. சுற்றிவர வலைக்காரர்களிடம் இரவல் வாங்கிய நைலோன் கயிறு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் வெள்ளைப் பர்தாக்களின் முன்வரிசை றுக்ஸானாவின் வகுப்பு.

ஜனுசனை மேடையில் ஏற்றினார்கள். அறிவிப்பு இல்லை. இசை இல்லை. பாண்டிருப்புப் பொடியன்கள் சிலர் விசிலடித்தார்கள். கடலைக்காரனைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீன்வாடிக்குப் பின்னால் மறைந்து நின்ற ஜவுபர் பஹ்மிக்குத் தலையாட்டினான்.

எக்காளம்.

பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கர்களில் அது ஃபோனில் கேட்ட சத்தம் அல்ல. ஷார்ஜா மண்டபத்தின் சத்தம். இடி இறங்கியபோது ஜவுபரின் தோள்கள் தாமாகவே ஏறின.  ஏழு வருடம் இந்தச் சத்தம் அவனுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: இப்போது அடி விழும்.

"ஜவுபர்! ஜவுபர்!"

நடந்தான். கைகள் நீண்டு அவன் முதுகைத் தட்டின. பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். மேடையைப் பார்த்தான்.

மூலைக் கம்பத்தில் முதுகை ஒட்டி ஒருவன் நின்றான். தோள்கள் காதுவரை. நாடி நெஞ்சில்.

ஜனுசன் ஒத்திகையில் பழகியதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தான். அவ்வளவுதான். ஆனால் ஜவுபர் கண்டது ஜனுசனை அல்ல. வியாழன் தோறும் தான் நின்ற நிலையை வெளியிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகக் கண்டான். எவ்வளவு அற்பமாக இருந்தது! இதையா அந்த மண்டபம் முழுவதும் பார்த்தது? இதையா இந்தப் பொடியன் முழுசாகப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டில் வட்டிலப்பம் தின்றான்?

கயிற்றுக்குள் நுழைந்தான்.

முதல் பிடிகள் ஒத்திகைப்படி போயின. சனம் ஆரவாரித்தது. தூக்கும் கட்டம் வந்தது. குனிந்து ஜனுசனைக் குறுக்காக அள்ளித் தோளுக்கு ஏற்றினான். உயரத்தில், காதருகில், ஜனுசன் மூச்சு வாங்கியபடி சொன்னான்:

"மறந்திடாதீங்க காக்கா, நாளைக்குக் கதைப்பம்."

பிடரிக்குக் கீழே இருக்க வேண்டிய கையை ஜவுபர் எடுத்துவிட்டான்.

தவறவில்லை. வழுக்கவில்லை. எடுத்தான்.

ஜனுசன் கண்ணை மூடிக்கொண்டு வந்தவன். தோள் கீழே பட விழுந்தான். படங்குக்குக் கீழே மெத்தை இரண்டு விலகியிருந்த இடத்தில் பலகை. 'முறுக்' என்ற அந்தச் சத்தம் மேடையில் இருந்த இருவருக்கு மட்டும் கேட்டது.

சனத்துக்குக் கேட்டது வேறு. வாழ்க்கையில் இப்படி ஓர் அடியை அவர்கள் பார்த்ததில்லை. கடற்கரை எழுந்து குதித்தது.

ஜவுபர் அவன்மேல் சாய்ந்து கையைப் பிடித்தான். காத்திருந்தான்.

விரல்கள் அமர்த்தவில்லை.

"தம்பி."

அமர்த்தவில்லை. ஜனுசனின் கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது, சத்தமில்லாமல். நிறுத்த வேண்டும். அந்த இடத்திலேயே நிறுத்துவேன் என்று சொன்னவன் அவன்தான். அதற்குள் நடுவர் மூன்றுவரை எண்ணிவிட்டார். அஸ்கி கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து வந்து ஜவுபரின் கையைத் தூக்கிப் பிடித்தான். வென்றவனுக்கு மறுபடி வாசல் இசை போடுவது வழக்கம். பஹ்மிக்கு அது தெரியும்.

எக்காளம். இடி. சங்கிலி.

பெண்கள் பக்கம் றுக்ஸானா முஸ்பிறாவைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் யாரோ சிந்திய கடலையை ஒரு காகம் கொத்தியது. ஜவுபர் அந்தக் காகத்தைப் பார்த்தபடி நின்றான்.

தைமூர் நினைவுக்கு வந்தான். கல்லாப்பெட்டி போன்ற முகம். நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாதவன். ஏழு வருடம் வியாழன் தோறும் இந்தச் சத்தத்துக்கு நடந்து வந்து ஜவுபரைத் தூக்கிப் போட்டவன். ஒரு நாளாவது அவன் கை பிடரியை விட்டு விலகியதில்லை. ஒரு தடவை காய்ச்சலோடு வந்தான். கை நடுங்கியது. அப்போதும் விலகவில்லை. காட்சி முடிந்ததும் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை ஜவுபரிடம் நீட்டுவான்.

அவன் பெயரை ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் சத்தம்தான் தெரியும். அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டு அவன் ஒருபோதும் செய்யாததை ஜவுபர் செய்துவிட்டான்.

*

ஜனுசனுக்குக் காறை எலும்பு முறிவு. சத்திரசிகிச்சை செய்து தகடு வைக்க வேண்டுமாம்.

விடிந்தபோது பிரச்சினை வேறு பக்கம் தாவியிருந்தது. "வேணுமெண்டுதான் போட்டான்" என்று ஒரு முகநூல் பக்கம். "விழத் தெரியாதவன் ஏன் ஏறினான்?" என்று இன்னொன்று. கீழே இரண்டு ஊர் ஆட்களும் மாறி மாறி எழுதியிருந்தார்கள். எழுத்தில் ஜனுசனும் இல்லை, ஜவுபரும் இல்லை. தமிழனும், சோனி என்று ஏசப்பட்ட முஸ்லிமும்தான் இருந்தார்கள்.

அஸ்கிக்கு உடனே வழி தெரிந்தது. "பழக்கூட ஒண்டு வாங்குவம். குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போவம். நீங்க அவன்ட கையப் பிடிச்சிட்டு நில்லுங்க, நான் வீடியோ எடுத்துப் போடுறன். ரெண்டு ஊரும் வாய மூடும்."

"தோள் உடைஞ்ச கையையா பிடிக்கச் சொல்றாய்?"

"மத்தக் கைய மச்சான்."

போனார்கள். றபீக்கா பழக்கூடையைச் சுமந்தாள். றுக்ஸானா வாப்பாவின் பக்கத்திலேயே நடந்தாள். வார்டில் படுத்திருந்தவர்கள் ஜவுபரை அடையாளம் கண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் சலாம் சொன்னார். ஒரு கிழவர் கையால் தூக்கிப்போடுகிற மாதிரி அபிநயித்துச் சிரித்தார்.

ஜனுசன் தலையணைகளில் சாய்ந்திருந்தான். கட்டிலருகே தர்சிகா. அவள் எழுந்திருக்கவில்லை.

அஸ்கி ஃபோனை உயர்த்தினான். "ஜனுசன், சும்மா ரெண்டு வார்த்த."

ஜனுசன் வலியை விழுங்கிக்கொண்டு கமெராவைப் பார்த்தான். "நான்தான் பிழையா விழுந்திட்டன். காக்காவில ஒரு பிழையும் இல்ல. ஒத்தரும் இத வைச்சுச் சண்ட பிடிக்காதீங்க."

"சுப்பர்" என்றான் அஸ்கி. "மச்சான், இப்ப நீங்க."

ஜவுபர் வாயைத் திறந்தான். மகளின் முகம் தெரிந்தது. நேற்றைய சந்தோசம் இன்னும் முழுவதும் வடியாத முகம். ஓம் என்று ஒரு சொல் போதும். மூன்றாவது ஓம்.

"அவன் பிழையா விழல்ல" என்றான்.

"என்ன?"

"அவன் சரியாத்தான் விழுந்தான். நான் கைய எடுத்துட்டன். வேணுமெண்டு எடுத்தன்."

அஸ்கியின் கட்டைவிரல் பாய்ந்து ஃபோனை அணைத்தது. "மச்சான், உங்களுக்கு விசரா? வெளியில நிலம தெரியுமா?"

"அந்த மியூசிக் என்ட இல்ல அஸ்கி."

 அபிநயித்த கிழவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜவுபர் சொன்னான். பாதியில் நின்றுபோன வீடியோவைச் சொன்னான். அது வேறொருவன் வரும் சத்தம் என்றான். தான் முன்னாடியே நிறுத்தப்படுகிறவன் என்றான். ஜனுசன் கண்டுபிடித்துவிட்டான், அதை வைத்து வெருட்டப் போகிறான் என்று பயந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் சிறுத்தது, ஆனால் நிற்கவில்லை.

றபீக்காதான் முதலில் பேசினாள். "நான் இவ்வளவு காலமும் ஃபோன்ல வைச்சிருந்தது ஆர்ர சத்தம்?"

"என்ன அடிக்கிற ஆள்ர சத்தம்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"வெருட்டவா?" ஜனுசன் தலையணையிலிருந்து எழப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்துத் திரும்பச் சாய்ந்தான். "காக்கா, நான் உங்கள வெருட்டப்போறன் எண்டா நினைச்சீங்க?"

"பெருநாள் முடியட்டும், ஒரு விஷயம் கதைக்க இரிக்கு எண்டாய்."

"ஓம். என்னோட சேந்து ஜிம்ம நடத்த வாறீங்களா எண்டு கேக்க. திரும்பி வெளிநாடு போகாம இஞ்சையே நில்லுங்க எண்டு சொல்ல. நேரத்தோட கேட்டா, பெருநாளக்க உங்களுக்கு யோசனை எண்டு..." அவனுக்கு மூச்சு முட்டியது. "அப்பிடி விழத் தெரிஞ்ச ஆள் இந்த நாட்டிலேயே இல்ல எண்டு இவளட்டச் சொல்லிச் சொல்லி... கேளுங்க இவளட்ட."

தர்சிகா பழக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் விளங்கிக்கொள்ளாதத நான் விளங்கினன் எண்டு காட்டத்தான் உங்கட வீட்டில அப்பிடிச் சொன்னன்" என்றான் ஜனுசன். "நீங்க என்ன நினைச்சீங்க?"

ஜவுபர் மறுபடி விளக்கத் தொடங்கினான். உள்ளே நிற்கிறவனின் பயத்தைப் பற்றி. தைமூரின் கையைப் பற்றி. அந்தச் சத்தம் கேட்டால் தன் உடம்பு தன்னிடம் இல்லாமல் போவதைப் பற்றி. எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பேசிக்கொண்டே போனான்.

"வாப்பா."

றுக்ஸானாவின் குரல். அவள் அவன் பக்கத்தில் இல்லை. எப்போதோ நகர்ந்து கட்டிலின் மறுபக்கம் போயிருந்தாள். முகத்தில் நேற்றைய சந்தோசம் இல்லை. கோபமும் இல்லை. யாரோ ஒருவரைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் மாப்புக் கேக்கல்ல."

ஜவுபரின் பேச்சு அறுந்தது.

அவன் மறுபடி தொடங்குமுன் அவள் தர்சிகாவின் பக்கம் குனிந்தாள். "அக்கா, மாப்புச் செய்ங்க. நான் நேத்துக் குதிச்ச. இவர் கீழ கிடக்கக்குள்ள நான் கைதட்டிக் குதிச்ச. வாப்பாக்காகவும் நானே கேக்கிறன்."

"நீ ஏன் புள்ள கேக்கிறாய்?" தர்சிகாவின் குரல் முதன்முறையாக வெளிவந்தது. உயரவில்லை. "நீ என்ன செய்தாய்? கேக்கவேண்டிய வாய் அங்க நிக்கிது. இவ்வளவு நேரமும் தன்ட கதைதான் கதைக்கிது."

தன் மகள் தனக்காக இன்னொரு பெண்ணின் முன் குனிந்து நிற்பதை ஜவுபர் பார்த்தான். முழுக் கடற்கரையும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியபோது நிமிராத தலை அவனுடையது. இப்போது அதைத் தாழ்த்தவும் முடியவில்லை.

கட்டிலருகே போனான். முழங்கால் வலித்தது. அதைப் பற்றிச் சொல்ல வாய் வந்ததை அடக்கினான்.

"தம்பி, என்ன மாப்புச் செய்."

ஜனுசன் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கண்ணோரத்தில் இறங்கியது வியர்வைதானா என்று தெரியவில்லை.

"நோகுது காக்கா" என்றான். "இப்பக் கேக்காதீங்க."

ஜவுபர் தலையாட்டினான். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, போகச் சொல்லியும் சொல்லவில்லை. றுக்ஸானா உம்மாவிடம் போய் அவள் தோளைப் பிடித்து நின்றாள். பழக்கூடையைக் கீழே வைப்பதா, திரும்பக் கொண்டுபோவதா என்று தெரியாமல் றபீக்கா அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.